அஞ்சு வீடு, நாலு சொம்புத் தண்ணி

சிந்துஜா: ...அதெல்லாம் சரிக்கா. ஆனா எதுக்கு இந்தப் பட்டுப்புடவை?

கன்னியம்மாள்: ஏன் மிஸ்ஸு, நல்லா இல்லியா?

சிந்துஜா: நல்லா இருக்கு. அதான் பிரச்சினையே. கல்யாணப் பொண்ணோட அம்மா மாதிரி நிக்கறீங்க!

கன்னியம்மாள்: மாநகராட்சில இருந்து ஆபீசரம்மா வர்றாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? வூடு தேடி வர்றவங்கள நைட்டியோடவா நின்னு வாங்கன்னு கூப்பிடறது?

சிந்துஜா: அக்கா, அவங்க எதுக்கு வர்றாங்க?

கன்னியம்மாள்: நீங்க புள்ளைங்கள பாத்துக்கற நம்ம காப்பகத்துக்கு நிதி குடுக்க.

சிந்துஜா: குடுக்கலாமா வேணாமான்னு பாக்க! காப்பகத்துல புள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போறவங்க நெசமாவே வருமானம் கம்மியானவங்களான்னு வீடு வீடா பாக்க வர்றாங்க. நீங்க ஜரிகையோட...

கன்னியம்மாள்: ஆசிரமத்தாண்ட கெஸ்ட் அவுசுல ரூம் பெருக்கறேன், டாய்லெட் கழுவறேன். அத மறைக்க மாட்டேன் மிஸ்ஸு. ஆனா 'இல்லாதவ'ன்னு மூஞ்சில எழுதி ஒட்டிகினு நிக்கவும் மாட்டேன்.

சிந்துஜா: இத்தினி நாளா பணம் அனுப்பிச்ச ஜெர்மன்காரம்மா நிறுத்திட்டாங்க. இந்த நிதி வரலைன்னா ஒண்ணாந்தேதி பூட்டுதான். இருபத்திரெண்டு புள்ளைங்க... உங்க மாறனும் சேத்து.

கன்னியம்மாள்: தெரியாதா எனக்கு? காப்பகம் வர்றதுக்கு முன்னாடி அவன் இடுப்புல கயிறு கட்டி, மறு நுனிய ஜன்னல் கம்பில கட்டிட்டு மேல் மாடி கழுவுவேன். அழுவான். தண்ணிக் குழாயைத் திறந்து வுட்டுக்குவேன், காதுல வுழக்கூடாதுன்னு...

சிந்துஜா: அப்புறம் என்னக்கா? போய் மாத்திட்டு வாங்க.

கன்னியம்மாள்: எத்தினி வூடு பாப்பாங்க?

சிந்துஜா: அஞ்சு. முதல் வீடு உங்களுது. கடைசி ரேணுகாம்பாள்.

கன்னியம்மாள்: அஞ்சா... அஞ்சு தாங்கும்.

சிந்துஜா: எது தாங்கும்?

கன்னியம்மாள்: ஒண்ணுமில்ல. தோ, ஜீப்பு வந்துடுச்சு!

*

அருணாதேவி: வணக்கம்மா. அருணாதேவி, மாநகராட்சில இருந்து வரேன். நீங்கதான் கன்னியம்மாளா?

கன்னியம்மாள்: ஆமாங்க மேடம். உக்காருங்க, உக்காருங்க.

அருணாதேவி: அடேங்கப்பா, வீட்டுல ஏதாவது விசேஷமா?

கன்னியம்மாள்: நீங்க வந்திருக்கீங்களே, அதான் விசேசம்.

சிந்துஜா: மேடம், அது... பழைய புடவைதான் மேடம். ரொம்பப் பழசு.

கன்னியம்மாள்: பழசு இல்லீங்க, போன தைல எடுத்தது.

சிந்துஜா: அக்கா...

அருணாதேவி: முந்தானைல என்ன, சுட்டிருக்கு?

கன்னியம்மாள்: தீபத்தன்னிக்கு அகல் பட்டுடுச்சுங்க. நாலணா அளவு ஓட்டை. மடிச்சா தெரியாது.

அருணாதேவி: வருமானம் எப்படிம்மா?

கன்னியம்மாள்: சீசனுக்கு ஜாஸ்தி, வெயில் காலத்துல கம்மிங்க. வெளிநாட்டுக்காரங்க ஊருக்குப் போயிட்டா ரூமும் காலி, நாங்களும் காலி.

அருணாதேவி: அடுத்தது பொன்னி வீடுதான? போலாமா?

கன்னியம்மாள்: இருங்க இருங்க! ஒரு சொம்பு தண்ணி குடிக்காம போறதா? மிஸ்ஸு, மேடத்துக்குத் தண்ணி மொண்டு குடுங்க. நான் முன்னாடி போய் பொன்னிகிட்ட சொல்லிடறேன்.

அருணாதேவி: குடுங்கம்மா. வேங்கிக்கால்ல இருந்து வர்றதுக்குள்ள தொண்டை வறண்டு போச்சு.

*

சிந்துஜா: இதான் மேடம் பொன்னி வீடு. பொன்னி... ஐயோ.

அருணாதேவி: என்ன ஐயோ?

சிந்துஜா: கல்லு தடுக்கிடுச்சு மேடம்.

அருணாதேவி: இவங்களும் பட்டு! அதே அரக்கு, அதே பச்சை பார்டர். ஏம்மா பொன்னி, ஏன் இப்படி மூச்சு வாங்குது?

கன்னியம்மாள்: அவளுக்கு ஆபீசருங்கன்னாலே பயங்க. நான் சொல்றேன், கேளுங்க. காலைல பூ கட்டி விக்கறா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க, ரெண்டும் காப்பகத்துல.

அருணாதேவி: கன்னியம்மாளா? இப்பதான பட்டுல பாத்தேன்? இப்ப நைட்டில நிக்கறீங்க!

கன்னியம்மாள்: வேர்த்துச்சுங்க. மாத்திட்டேன்.

அருணாதேவி: புடவை மட்டும் எப்படி ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி?

கன்னியம்மாள்: ஆரணில ஆடித் தள்ளுபடிங்க. தெருவே சேந்து போய் எடுத்தோம்.

அருணாதேவி: ஓ... தைல எடுத்த ஆடித் தள்ளுபடி. இந்த முந்தானையை... இல்ல, ஒண்ணுமில்ல. பொன்னி, ஒரு சொம்பு தண்ணி கிடைக்குமா?

சிந்துஜா: இப்பதான மேடம் குடிச்சீங்க?

அருணாதேவி: வெயில் ஜாஸ்தி. நான் மெதுவாதான் குடிப்பேன்.

கன்னியம்மாள்: நீங்க நிதானமா குடிங்க! நானும் பொன்னியும் கொல்லப்பக்கமா போய் வினோதினிகிட்ட சொல்லிட்டு வர்றோம்.

*

சிந்துஜா: அக்கா, இப்படி ஓரமா வாங்க. இல்ல, வாங்க! வினோதினி கட்டியிருக்கறது உங்க புடவைதான?

கன்னியம்மாள்: மெதுவா பேசுங்க... என் புடவை இல்ல. தெருப் புடவை.

சிந்துஜா: என்னது?

கன்னியம்மாள்: பதினோரு பேரு சீட்டு சேந்து எடுத்தது. காது குத்தோ, நிச்சயமோ, யாரு வூட்டுல விசேசமோ அன்னிக்கு அது அவங்களுது. இன்னிக்கு அஞ்சு பேருக்கும் விசேசமாப் போச்சு. இன்னா பண்றது?

சிந்துஜா: காப்பகமே போகப் போகுது... பட்டு கட்டினவங்களுக்கு எதுக்கு நிதின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்.

கன்னியம்மாள்: சொல்லாதீங்க மிஸ்ஸு! உங்க கால்ல வுழறேன். ஒத்தப் புடவைய கை மாத்திக் கட்டற தெருன்னு ஆபீசு பூரா தெரிஞ்சா எங்க மூஞ்சிய எங்க வச்சிக்கறது?

சிந்துஜா: அங்க பாருங்க, மறுபடியும் தண்ணி கேக்கறாங்க.

கன்னியம்மாள்: சுகரா இருக்கும், பாவம். நான் வினோதினிய இட்டுகினு நாலாவது வூட்டுக்குப் போறேன். ஊக்கு குத்தவே நேரம் ஆவுது.

*

அருணாதேவி: சரி. அஞ்சு வீடும் முடிஞ்சுது. ரேணுகாம்பாள், ரொம்ப நன்றிம்மா. புடவை எடுப்பா இருக்கு. நான் கிளம்பறேன்.

சிந்துஜா: மேடம், ஒரு நிமிஷம். இந்தப் புடவையைப் பாத்து நீங்க...

கன்னியம்மாள்: மிஸ்ஸு!

சிந்துஜா: ...ஒண்ணுமில்ல மேடம்.

அருணாதேவி: பரவாயில்ல, சொல்லுங்க.

சிந்துஜா: இல்ல மேடம். நான் சொல்ற விஷயம் இல்ல அது.

கன்னியம்மாள்: ...நானே சொல்றேன். வெக்கம் பாத்துகினு நின்னா எம்புள்ள மறுபடியும் கயித்துல நிப்பான். மேடம், அஞ்சு பட்டு இல்லீங்க. ஒண்ணுதான். கொல்லப்பக்கம் மதில் மேலயே கை மாத்தி கை மாத்தி... உங்கள ஏமாத்தணும்னு இல்லீங்க. வூட்டுக்கு வந்த பெரிய மனுசி முன்னாடி மட்டமா நிக்கக்கூடாதுன்னுதான். புடவையைப் பாத்து எழுதிடாதீங்க மேடம்.

அருணாதேவி: எழுதியாச்சே.

சிந்துஜா: ஐயையோ மேடம்...

கன்னியம்மாள்: இன்னான்னு எழுதினீங்க?

அருணாதேவி: வருமானம் கம்மி, காப்பகம் கண்டிப்பா வேணும், நிதி குடுக்கலாம்னு. ரெண்டாவது வீட்டுலயே எழுதிட்டேன்.

கன்னியம்மாள்: ரெண்டாவது வூட்டுலயா? அப்ப... அந்த ஓட்டை...

அருணாதேவி: அதெல்லாம் அப்புறம் பேசலாம். இங்க பாத்ரூம் எங்க இருக்கு, அதைச் சொல்லுங்க முதல்ல.

கன்னியம்மாள்: தோ, பின்னாடிதான்... ஏங்க மேடம், உடம்புக்கு ஏதாவது முடியலையா?

அருணாதேவி: நாலு சொம்புத் தண்ணிம்மா! முதல் சொம்பு தாகத்துக்கு. மத்த மூணும், புடவை அடுத்த வீடு போய்ச் சேரட்டும்னு குடிச்சது.