மககிட்ட கவனமா இருங்க

இந்தப் பக்கம் வந்து உக்காருங்கக்கா. அந்தப் பக்கம் இருந்தா நீங்க சொல்றது எனக்குக் கேக்காது, இடது காது போயிடுச்சு. என்ன, பேசக் கூடாதா? சரி, நீங்க பேசாதீங்க. கேஸைப் பத்தி நீங்க என்கிட்ட பேசக் கூடாது, அதானே ரூல். நான் உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே. நீங்க அந்தக் காகிதத்தைப் படிக்கிற மாதிரி வச்சுக்கோங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டுப் போறேன்.

ஆமா, அடி வாங்கின பொண்ணு நான்தான். பதினேழு வயசு. அதோ, கோர்ட் கதவுகிட்ட போலீஸ்காரருக்குப் பக்கத்துல உக்காந்து, தன் ஷூவையே பார்த்துட்டு இருக்காரே, அவர்தான் எங்கப்பா. பின்வரிசையில அம்மா. அம்மா இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாங்க. காலையில ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் வந்தோம், அவங்க முன்னாடி, நான் கடைசி சீட்டு.

அப்பா தமிழ்ல சொல்றதை நீங்க ஜட்ஜுக்கு இந்த ஊர் பாஷையில சொல்லப் போறீங்க. அது ஏழு வயசுலேர்ந்து நான் பார்த்த வேலைக்கா. ஆஸ்பத்திரி, பேங்க், வீட்டு ஓனரோட சண்டை, எல்லாத்துக்கும் நான்தான் அவருக்கு வாய். அவருக்கு இந்த ஊர் பாஷையில ஒரு இருபது வார்த்தை வரும், அதுல பாதி மண்வெட்டி, சாக்கு, தள்ளுவண்டி. ஸ்கூல்ல கூப்பிட்டு ஹெட்மாஸ்டர், உங்க பொண்ணு யாரையும் மதிக்கிறதில்ல, கணக்குல முட்டை வாங்குறான்னு சொல்வார். நான் அப்பா பக்கம் திரும்பி, ரொம்ப அமைதியான பொண்ணுன்னு சொல்றார்ப்பான்னு சொல்வேன். அப்பா எழுந்து அவருக்குக் கை கொடுப்பார். மனுஷன் முழிப்பார் பாருங்க. சிரிக்காதீங்க, சிரிச்சா அதுவும் பேசின கணக்குல வந்துடும்.

அப்புறம் குட்டு உடைஞ்சுது. கூடப் படிச்சவளோட அம்மா போட்டுக் கொடுத்துட்டாங்க. அப்பா தோட்டத்து ஹோஸ் பைப்புல ஒரு முழம் வெட்டி எடுத்துட்டு வந்தார். முதுகுல பதினொண்ணு. நான் எண்ணினேன், அந்த நேரத்துல வேற என்ன பண்றது.

எங்க வீட்டுல அடி ஒண்ணும் பெரிய விஷயமில்ல. பெல்ட்டு, செருப்பு, கைக்கு எது வருதோ அது. ஒருதடவை சூடா இருந்த அயர்ன் பாக்ஸைத் தூக்கி எறிஞ்சார், நான் குனிஞ்சேன், சுவர் வாங்கிக்கிச்சு. ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி எப்பவும் ஒரு வார்த்தை சொல்வார். கவனம். சத்தமெல்லாம் போட மாட்டார், மெதுவாத்தான் சொல்வார். கவனமா இருந்துக்க. அது காதுல விழுந்ததுமே ரெண்டு கையாலயும் தலையை மூடிக்குவேன். அடி அதுக்கப்புறம்தான் வரும்.

பதினாறு முடிஞ்சதும் ஸ்கூலை விட்டுட்டேன். யாரும் நிறுத்தல, நானேதான் நின்னேன், படிப்பு ஏறல. அப்பா வேலை பார்க்கிற இடத்துலயே என்னையும் சேர்த்துவிட்டார். ஊருக்கு வெளியே, காட்டை ஒட்டி ஒரு மையம். நல்ல சம்பளக்காரங்க வந்து ஒரு வாரம் வாயைத் திறக்காம இருந்துட்டுப் போவாங்க. மெதுவா நடப்பாங்க, மெதுவா சாப்பிடுவாங்க, மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் பார்த்துட்டே இருப்பாங்க. கவனமா வாழுறதாம். அந்த வார்த்தையை முதல்ல கேட்டப்போ நான் சுத்திமுத்திப் பார்த்தேன், யார் யாரை அடிக்கப் போறாங்கன்னு.

இலை கொட்டுற ரெண்டு மாசம்தான் அங்க கூட்டம் அள்ளும். எங்களுக்கு இடுப்பு ஒடியும். இலையை ஊதித் தள்ளுற மிஷின் இருக்குல்ல, அதைத் தொடக் கூடாது, அமைதி கெட்டுடுமாம். அதனால நானும் அப்பாவும் நீளக் கம்புல இரும்புப் பல்லு வச்ச வாரியால ஏக்கர் கணக்குல வாரணும். கூத்து என்னன்னா, ஈர இலையை விடியக் காலையில வாரிட்டு, ஷெட்டுல சாக்குல காயவச்ச இலையை எடுத்துட்டு வந்து நடக்குற பாதையில திரும்பக் கொட்டணும். வர்றவங்க வெறுங்காலோட நடக்கும்போது சருகு சத்தம் கேக்கணும்ல. அப்பா தினமும் தலையில அடிச்சுக்குவார், அள்ளுறதுக்கும் கூலி, கொட்டுறதுக்கும் கூலின்னு.

அங்க பாடம் நடத்துற அம்மாவுக்கு நாங்க மூச்சு டீச்சர்னு பேரு வச்சிருந்தோம். நல்லவங்கதான். ஒருநாள் அப்பாகிட்ட வந்து, உங்க பாஷையில இந்தக் காலத்துக்கு என்ன பேருன்னு கேட்டாங்க. நான் அதை அப்பாகிட்ட தமிழ்ல கேட்டேன். அப்பா சாக்கைக் கட்டிக்கிட்டே, குப்பைன்னார். டீச்சர் என் முகத்தைப் பார்த்துட்டு நிக்குறாங்க. குப்பைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. மரம் தன் பொன்னைத் தானே கொடுத்துடுற காலம்னு சொல்றார்னு எடுத்து விட்டேன். அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. வாசல் பலகையில அதை எழுதி, கீழே எங்க தோட்டக்காரர் சொன்னதுன்னு போட்டுட்டாங்க. வர்றவங்க எல்லாம் அப்பாவைப் பார்த்துத் தலை குனிஞ்சு கும்பிட ஆரம்பிச்சாங்க. இவங்களுக்கெல்லாம் என்ன ஆச்சுன்னு அப்பா என்கிட்ட கேட்டார். மரியாதைப்பான்னேன்.

மரம் அமைதியா இலையை விடுது, நாமளும் அப்படி விடணும்னு டீச்சர் சொல்வாங்க. எனக்கு மரம் பிடிக்கும்க்கா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அமைதியெல்லாம் கிடையாது. ஏணியில ஏறி நின்னு பாருங்க, தெரியும். காத்து வந்து பிச்சு எடுக்குது. பழுத்தது, பச்சை எதையும் பார்க்கிறதில்ல, கிளையோட முறிச்சுப் போட்டுட்டுப் போயிடும். அதைத்தான் கீழே இருந்து அழகுன்னு சொல்றாங்க.

பிரச்சினை எலியில ஆரம்பிச்சுது. ஒரு பழைய இலைக் குவியலைக் கிளறினா உள்ள எலிக் கூடு. அப்பா மண்வெட்டியைத் திருப்பிப் பிடிச்சு ஒண்ணொண்ணா போட்டார், ஒரு எலிக்கு ஒரு அடி, அதுக்கு மேல தேவைப்படாது. கடைசியில குஞ்சுங்க இருந்துச்சு, முடி கூட முளைக்காம. அதுங்களை மிதிச்சார். நிமிர்ந்து பார்த்தா டீச்சர் நிக்குறாங்க. அவங்க எலியைப் பார்த்தாங்க, மண்வெட்டியைப் பார்த்தாங்க, அப்புறம் என்னைப் பார்த்தாங்க. நான் வேலைக்காகக் கையை மடிச்சு விட்டிருந்தேன். முழங்கைக்கு மேல நாலு விரல் தடம் நீலமா இருந்துச்சு, முந்தின நாளோடது.

அன்னைக்குச் சாயங்காலம் எங்க ரெண்டு பேரையும் அவங்க ரூமுக்குக் கூப்பிட்டாங்க. தரையில மெத்தை, ஒரு மணி, ஜன்னல் ஓரத்துல ஒரே ஒரு இலை. அப்பாவுக்குச் சம்மணம் போட்டு உக்காரச் சொன்னதே பிடிக்கல. டீச்சர் மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னாங்க. உங்க மகளோட இருக்கிற நேரத்துல முழுக் கவனத்தோட இருங்க, அவ உங்களைப் பார்த்தா பயப்படுறா, கோபம் வந்தா மூச்சைப் பாருங்கன்னு. நான் அப்பா பக்கம் திரும்பி, மககிட்ட கவனமா இருங்கன்னு சொல்றாங்கன்னு சொன்னேன்.

உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். நீங்க ரெண்டு பாஷையும் தெரிஞ்சவங்க. அவங்களுக்கு அது அன்பா இருக்கச் சொல்ற வார்த்தை. நம்ம காதுல விழும்போது நாயிருக்கு கவனம், கரண்ட் கவனம்னு சொல்ற மாதிரி. மககிட்ட கவனமா இருங்கன்னா என்ன அர்த்தம், உங்க மக ஆபத்தானவன்னு அர்த்தம். அப்பா முகம் போன போக்கைப் பார்க்கணுமே நீங்க. டீச்சர் அதைப் பார்த்துட்டு, இவர் மனசைத் தொட்டுட்டோம்னு நினைச்சுக் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் மூணு வாரம் என் மேல ஒரு அடி விழல. முதல் நாள் சமையல்கட்டுக் கத்தியைக் காணோம். அம்மா கேட்டதுக்கு, வெட்டியே பையில வர்ற ரொட்டிக்குக் கத்தி எதுக்குன்னார். அப்புறம் நான் டீ போட்டா அம்மா ஒரு மடக்கு குடிச்சதுக்கப்புறம்தான் தொடுவார். அவர் படுக்கிற ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துச்சு, உள்பக்கம். சரியாத் தூங்கறதில்ல, கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கும். வேலையில எனக்கு முதுகு காட்ட மாட்டார். எதிரெதிரா நின்னு வாருவோம், ரெண்டு பேரும் சண்டைக்கு நிக்குற மாதிரி. பேச்சே கிடையாது.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னா? சந்தோஷமா இருந்துச்சுக்கா. எதுக்கு மறைக்கணும். என்னைப் பார்த்து அவர் எச்சில் முழுங்குறதை முதல்தடவையா பார்த்தேன். கதவை வேணும்னே டமால்னு சாத்துவேன், அவர் தோள் தூக்கிப் போடும். ஒருநாள் கையில ஆப்பிள் வெட்டுற சின்னக் கத்தியோட ஹாலுக்கு வந்தேன், சும்மாதான் வந்தேன். எழுந்து சுவத்துல ஒட்டிக்கிட்டார். நான் ஆப்பிளைத் தின்னுட்டே டிவி பார்த்தேன்.

அந்த நாள் காலையில நல்ல பனி. முந்தின நாள் காத்துல பெரிய மரத்துல ஒரு கிளை முறிஞ்சு, தோல் மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. அப்பா அதைக் கவனிக்காம சரியா அதுக்குக் கீழ குழி வெட்டிட்டு இருந்தார். குனிஞ்சதுல முதுகு என் பக்கம் வந்துடுச்சு. கிளை விழுந்தா மண்டை இருக்காது. நான் வாரியைத் தூக்கி, பல்லை அந்தக் கிளையில மாட்டி இழுத்துடலாம்னு பின்னாடி போனேன். அப்பா நகருங்கன்னு கத்தியிருக்கலாம். மூணு வாரமா பேசாம இருந்ததுல வாய் வரல.

அவர் திரும்பினார். தலைக்கு மேல இரும்புப் பல்லு, அதைப் பிடிச்சுக்கிட்டு நான்.

முதல் அடி மண்வெட்டியோட தட்டைப் பக்கம், காதுல. உள்ள ஏதோ கொட்டாங்குச்சி மாதிரி உடைஞ்சுது. ரெண்டாவது, நான் கையைத் தூக்கினேன், முழங்கைக்குக் கீழ எலும்பு வெளிய வந்துடுச்சு, இப்ப உள்ள பிளேட்டு வச்சிருக்காங்க. மூணாவது தோள்பட்டை. அவர் வாயிலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு, அது கோபமா அடிக்கிறவர் சத்தம் இல்லக்கா. கிணத்துல விழுந்தவன் கத்துற மாதிரி. அந்த நேரத்துல பாதையில இருபது பேர் வெறுங்காலோட வரிசையா மெதுவா வந்துட்டு இருந்தாங்க. எது நடந்தாலும் சும்மா பாருங்கன்னு சொல்லியிருக்காங்கல்ல, பார்த்துட்டு நின்னாங்க. இலையும் சிவப்பு, ரத்தமும் சிவப்பு. ஒரு அம்மா அதுல கால் வச்சு, சூடா இருக்கேன்னு குனிஞ்சு பார்த்ததுக்கப்புறம்தான் அலற ஆரம்பிச்சாங்க.

போலீஸ் கேட்டதுக்கு அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாராம். அந்த டீச்சரம்மா என்னை எச்சரிச்சாங்க, அவங்களையே கேளுங்கன்னு. கேட்டிருக்காங்க. நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லன்னு அவங்க அழுதிருக்காங்க. அவ்வளவுதான், அப்பா பொய்யராயிட்டார். பொண்ணையும் அடிச்சுட்டு, நல்ல மனுஷி மேல பழியும் போடுற ஆளு. அப்பாவோட வக்கீல் சொல்றார், ஏழு வருஷம் உள்ள, அப்புறம் நாட்டை விட்டே அனுப்பிடுவாங்களாம். அம்மாவுக்கு டீச்சர் மேல கோபம். டீச்சருக்கு அப்பா மேல. என் மேல கோபம்னு யாரும் வாய்விட்டுச் சொல்லல, ஆஸ்பத்திரிக்குப் பூங்கொத்து வந்துச்சு.

அந்தக் காகிதத்துல நாலாவது பக்கம் பாருங்க, மொழிபெயர்ப்பில் குழப்பம் இருந்திருக்கலாம்னு வக்கீல் எழுதியிருப்பார். கவனம்ங்கிற வார்த்தையைப் பத்தி ஒரு பத்தி இருக்கும். நான்தான் அவருக்கு விளக்கிச் சொன்னேன், இப்ப உங்களுக்குச் சொன்ன மாதிரியே. ரெண்டு கலாச்சாரத்துக்கு நடுவுல மாட்டின பாவப்பட்ட வார்த்தைன்னு அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

அது பத்தாதுக்கா. அந்த ஒரு வார்த்தைக்காகவா ஒரு மனுஷன் கத்தியை ஒளிச்சு வைப்பார்?

நான் அதோட நிறுத்தல அன்னைக்கு. இன்னொரு வரி சேர்த்தேன். இவ உங்களைத் தூங்கும்போது வெட்டிருவா, இவ கண்ணுல நான் அதைப் பார்த்துட்டேன்னு டீச்சர் சொல்றாங்கப்பான்னு சொன்னேன். டீச்சர் பக்கத்துலயே சிரிச்ச முகத்தோட உக்காந்திருந்தாங்க. அப்பா நம்பிட்டார். இத்தனை வருஷமா என் வாயைத்தானே நம்பினார்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எத்தனையோ தடவை பயமே இல்லாம அடிச்சார், அதுக்கெல்லாம் கேஸ் இல்ல. நிஜமா பயந்து அடிச்ச ஒரு தடவைக்குத்தான் கேஸ். அந்தப் பழைய அடிகளையும், நான் சேர்த்த அந்த வரியையும், ரெண்டையும் சொல்லப் போறேன். அதனால உங்களுக்கு இன்னைக்கு வேலை கூடும். நீ இந்த ஊர் பாஷையில நல்லாப் பேசுறியேம்மா, உனக்கு எதுக்கு மொழிபெயர்ப்பாளர்னு கிளார்க் கேட்டார். இல்ல சார், நான் தமிழ்லதான் பேசுவேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். அதை எங்கப்பா முதல்ல கேக்கணும்க்கா, ஜட்ஜு அப்புறமா கேட்டுக்கட்டும்.