இடது முன்சக்கரத்தின் நட்டுகளை இறுக்கியது பற்றி

என் பெயர் ஜெயமணி. வயது நாற்பத்து நான்கு. கணவர் சண்முகம், காலமாகிவிட்டார். போர்ட் பிளேர் லம்பா லைனில் குடியிருக்கிறேன். ஹேடோ குவார்ட்டர்ஸில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் வேலை செய்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். இந்தி பேச வரும், படிக்க வராது. பதினோராம் வகுப்பு படிக்கும் சங்கவி என்ற ஒரே மகள் இருக்கிறாள்.

கோர்ட்டில் நடுவர் ஐயா இந்தியில் கேட்டதை, அங்கே வேலை செய்யும் நீலாவதி அம்மா எனக்குத் தமிழில் சொன்னார்கள். எனக்கு எதிராகப் போகிற எதையும் நான் சொல்லத் தேவையில்லை, சொன்னால் அது என் மேலேயே வரலாம் என்றார்கள். போலீஸ் யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். யோசித்துவிட்டு வரச் சொல்லி வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று இரண்டு தடவை எழுந்தேன். ஆனால் மெக்கானிக் கௌதம் பத்தொன்பது நாளாக ஜெயிலில் இருக்கிறான். அவன் செய்யாத வேலைக்கு இருக்கிறான். அதைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. அதனால் திரும்ப உள்ளே வந்தேன்.

என் கணவர் ஏர்போர்ட்டில் டாக்சி ஓட்டினார். வண்டி சொந்த வண்டி. உப்புக் காற்றில் இரும்பு ரிம் துருப்பிடித்து, டூரிஸ்டுகள் பார்த்து முகம் சுளிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். போன மார்ச்சில், டிரான்ஸ்பர் ஆகி மெயின்லேண்ட் போன ஒரு ஆபீசர் வீட்டில் சாமான்களை விற்றார்கள். அங்கே நாலு அலாய் வீல் கிடைத்தது, வாங்கி வந்தார். கழற்றிய பழைய இரும்பு ரிம் நாலையும் சௌல்தாரியில் இருக்கும் என் அண்ணன் முனியாண்டி கொண்டுபோனார். இங்கே பழைய ரிம்மை யாரும் வீணாக்க மாட்டார்கள். உள்ளே சிமெண்ட் ஊற்றிக் கயிறு கட்டினால் டோங்கி படகுக்கு நங்கூரம் ஆகிவிடும். அண்ணனும் அப்படித்தான் செய்தார். ஒரே வாரத்தில் நாலும் தண்ணீருக்கு அடியில் போய்விட்டன.

அதன் பிறகு வண்டி சரியில்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் தெரியாது. அறுபது தொட்டதும் ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆடும். நேர் ரோட்டிலும் வண்டி தானாக ஒரு பக்கம் போகும், அவர் இழுத்து இழுத்துப் பிடிப்பார். முதலில் வேறொரு கடையில் காற்று பார்த்தார்கள். அப்புறம் அலைன்மென்ட் பார்த்தார்கள். அப்புறம் ஈயக்கட்டி ஒட்டி பேலன்சிங் செய்து, டீக் ஹை, சரியாகிவிட்டது, போ என்று அனுப்பினார்கள். மறுநாளும் ஆடியது. அதன் பிறகுதான் கௌதமிடம் போனோம். அவன் என் கணவருக்குப் பழக்கமான பையன், சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறான்.

கௌதம் முன்சக்கரத்தைப் பின்னாலும் பின்சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தான். ஆட்டம் ஸ்டியரிங்கை விட்டு சீட்டுக்கு அடியில் வந்துவிட்டது. அப்படியென்றால் கோளாறு ஸ்டியரிங்கில் இல்லை, வீலில் என்றான். ஒரு வீலைக் கழற்றி, நடு ஓட்டைக்கும் அச்சில் இருக்கும் குமிழுக்கும் நடுவில் சுண்டு விரலை விட்டுக் காட்டினான். ஷெட் நான் ஹேடோ வேலைக்குப் போகிற வழியில் இருந்ததால் நானும் கூட இருந்தேன். அவன் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அக்கா, இது வேற பெரிய வண்டி வீலு. குமிழ்ல உக்காரவே இல்ல, நாலு நட்டுல தொங்கிட்டு இருக்கு. நடுவுல ஒரு ரிங் வரணும். சென்னைக்குச் சொல்லிட்டேன். ஷிப்ல வரும். அதுவரைக்கும் அண்ணன வண்டிய எடுக்க விடாதீங்க."

என் கணவர் சிரித்துக்கொண்டு, "உன் ரிங்கு வர்றதுக்குள்ள எனக்கு பென்ஷன் வந்துரும்டா" என்றார். "பழைய ரிம்ம மாட்டுங்கண்ணே" என்றான் கௌதம். "அத எடுக்க நீச்சல்காரன் வேணும்டா" என்றார். கௌதம் சிரிக்கவில்லை.

அதன் பிறகு கடல் சரியில்லாமல் ஷிப் வரவில்லை. வண்டி பன்னிரண்டு நாள் வீட்டு முன்னால் நின்றது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை சௌல்தாரியில் என் அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதாக இருந்தது. பஸ்ஸில் போகலாம் என்றார் என் கணவர். சொந்த வண்டி வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினால் என் அண்ணி என்ன நினைப்பாள் என்று நான்தான் சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று நாள் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் என் கணவர் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு எடுத்தார். சாம்பல் நிற பிளாஸ்டிக் குழாய். அதை ரம்பத்தால் நாலு வளையமாக அறுத்து, அரத்தால் ராவி, ரிங்குக்குப் பதிலாக வீல்களின் நடு ஓட்டையில் பொருத்தினார். கௌதமுக்குப் போன் போட்டுச் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன். "வேணாம்ணே, பிரேக் சூட்டுக்கு பிளாஸ்டிக் உருகிரும்ணே, நான் வேணா காலையில என் வண்டில உங்கள விட்டுட்டு வரேன்" என்றான். இவர் போனை வைத்துவிட்டார். கௌதம் அன்றைக்கு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வீலையும் நட்டையும் தொடவில்லை.

என் கணவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அழுத்தி வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜாக்கியை அவர் ஏற்றினார். வலது பக்கத்து இரண்டு வீலின் நட்டுகளையும் அவரே இறுக்கினார். அதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இடது பக்கத்து இரண்டையும் நான் இறுக்கினேன். ஸ்பானர் கம்பி மேல் ஏறி நின்று மிதித்தேன். இடது முன்சக்கரத்தில் ஒரு நட்டு மட்டும் இறுகின மாதிரி நின்று, திரும்ப, உள்ளே பிளாஸ்டிக் நசுங்குகிற மாதிரி, மெத்தென்று கொஞ்சம் போனது. அதைச் சொன்னேன். "போதும்டி, ரொம்ப மிதிச்சா போல்ட்டு உடைஞ்சிரும்" என்றார். நான் இறங்கிவிட்டேன்.

ஞாயிறு காலை போகும்போது வண்டி ஆடவே இல்லை. அறுபதில் போனார். "பாத்தியா? ஒங் கௌதமு பெரிய இன்ஜினியரு" என்று என்னைக் கேலி செய்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போய் இறங்கியதும் நட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சாயந்தரம் நாலு மணிக்குக் கிளம்பினோம். சங்கவி அங்கேயே தங்கிவிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் இவர் பிரேக்கை அழுத்தி அழுத்தி வந்தார். முதலில் வாடை வந்தது, குப்பையில் பிளாஸ்டிக் எரிகிற வாடை. வெளியே யாரோ எரிக்கிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றினேன். வாடை போகவில்லை. அதன் பிறகு என் காலுக்குக் கீழே டக், டக் என்று கேட்டது. வண்டி வேகத்துக்கு அதுவும் வேகமாக, மெதுவுக்கு மெதுவாகக் கேட்டது. ஸ்டியரிங் அவர் கைக்குள் துள்ளியது. "ஏங்க, நிறுத்துங்க" என்றேன். பின்னால் லாரி வருகிறது, இறக்கம் முடியட்டும் என்றார். திரும்ப நிறுத்தச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் இருபத்தொரு வருஷத்தில் பார்த்ததில்லை.

அதன் பிறகு என் பக்கம் வண்டி கீழே விழுந்தது. ரோட்டில் இரும்பு தேய்கிற சத்தம் கேட்டது. எங்களுக்கு முன்னால் ஒரு சக்கரம் தனியாக ஓடியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அது எங்கள் சக்கரம் என்று எனக்கு உடனே புரியவில்லை. வண்டி ரோட்டை விட்டு இறங்கி, சுழன்று, அவர் பக்கம் மரத்தில் மோதியது. அண்ணி கொடுத்த பாயாசத் தூக்கு என் மடியில் இருந்தது, அது கொட்டவில்லை. அவரைக் கூப்பிட்டேன். என் கையைப் பிடித்திருந்தார். லாரிக்காரர்கள் இறங்கி வரும் வரைக்கும் பிடித்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

மறுநாள் பிணவறை வாசலில் என் கணவரின் தம்பி குமரன் இந்தியில் எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார். உடலை வாங்கத்தான் என்று நினைத்துப் போட்டேன். கௌதம் வீலைத் தப்பாக மாட்டினான் என்று அதில் எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அவனைப் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் தெரிந்தது. நான் குமரனிடம் கேட்டேன். "அண்ணி, அண்ணன் பேரக் கெடுக்காதீங்க. வாயத் தொறந்தீங்கன்னா உங்களையும் உள்ள வச்சிருவாங்க. சங்கவிய யாரு பாப்பா?" என்றார். அதனால் பயந்து சும்மா இருந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே போலீஸ் என்று சமையலறைக்குள் போய் நிற்பேன். சங்கவி ஸ்கூலில் இருந்து வரும் வரைக்கும் கதவைத் திறக்க மாட்டேன்.

போன வியாழக்கிழமை கௌதமின் அம்மா தங்கம்மா வந்தார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் திட்டவில்லை. "எம் புள்ள அந்த வீலத் தொட்டானா? அத மட்டும் சொல்லு தாயி" என்று கேட்டார்கள். நான் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். அவர்கள் போன பிறகு சங்கவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் அழுதாள். அதன் பிறகு, "போய்ச் சொல்லிடும்மா. நான் மாமா வீட்ல இருந்துக்கறேன்" என்றாள்.

இப்படிச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா என்று நடுவர் ஐயா கேட்டார். சரியாகத் தெரியாது, பயமாக இருக்கிறது என்றேன். நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இந்த வாக்குமூலத்தை நீலாவதி அம்மா முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். இடது முன்சக்கரத்தின் நட்டுகளை என் கணவர் இறுக்கியதாக எழுதியிருந்தார்கள். எனக்காக அப்படி எழுதினார்களா, கேட்டதில் மாறிப்போனதா, தெரியாது. அதை அடித்துவிட்டு, நான் இறுக்கினேன் என்று எழுதச் சொன்னேன். எழுதினார்கள். அடித்த இடத்தின் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் சொல்லிக் கொடுத்து நான் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னேன்.

(ஒப்பம்) ச. ஜெயமணி