அத்தானின் கழுத்து

கழுத்துச் சவரத்துக்கு முதலில் வேண்டியது பொறுமை. கன்னத்தில் ஓட்டுகிற வேகத்தில் கத்தியைக் கழுத்தில் ஓட்டினால் தோல் கோபித்துக்கொள்ளும். மறுநாள் சட்டைக் காலர் பட்ட இடமெல்லாம் எரியும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சுற்றி, முடி இளகும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பிரஷ்ஷால் நுரை ஏற்றி, இடது கை விரல்களால் தோலை இழுத்துப் பிடித்து, முடி சாய்ந்திருக்கும் பக்கமாகவே கத்தியைப் படுக்க வைத்து நகர்த்த வேண்டும். வேலை முழுவதும் கத்தியுடையது என்று பலர் நினைக்கிறார்கள். பாதி வேலை அந்த இடது கையுடையது.

இதை உன்னிடம் சொல்லக் காரணம் இருக்கிறது. டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே இந்தக் கடைக்கு வந்திருக்கிறாய். "இந்தக் கட்டி போன வருஷமே கைக்குத் தட்டுப்பட்டிருக்கும்னு சொல்றாங்க மாமா. அப்பா கழுத்தத் தொடுற ஒரே ஆள் நீங்கதான். உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டாய். நீ என் அக்கா மகள், நான் தோளில் தூக்கிச் சுமந்த பிள்ளை. உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வராது. அந்த பெஞ்சில் உட்கார்.

தெரியும், கண்ணு. எனக்குத்தான் முதலில் தெரியும்.

இடது பக்கம், தாடைக்குக் கீழே. தோலை இழுத்தபோது விரலுக்கடியில் பட்டாணி அளவில் ஒன்று இருந்தது. கொழுப்புக் கட்டியாக இருந்தால் விரலுக்குப் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். முடி உள்ளே வளைந்து வந்ததாக இருந்தால் சிவந்து வலிக்கும். இது நகரவும் இல்லை, வலிக்கவும் இல்லை. இப்படி ஒன்றை ஒரு தபால்காரர் கழுத்தில் முன்பே பார்த்திருக்கிறேன். அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொல்லிக் கையைக் காலைப் பிடித்தேன். போனார், வெட்டி எடுத்தார்கள். இப்போதும் கடைக்கு வருகிறார், வாய் ஓயாமல் பேசுகிறார்.

உன் அப்பாவிடம் சொல்லவில்லை. யோசிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொன்னால் நீ நம்பிவிடுவாய். ஆனால் யோசித்துத்தான் விட்டேன். கத்தியைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு அக்காவை நினைத்தேன்.

அக்காவுக்குத் தலைவலி தொடங்கிய காலத்தில் நீ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அத்தான் இதே நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "உங்க அக்காவுக்குத் தலைவலியாம் மச்சான். அடுப்படிக்குள்ள கால் வச்சா வருது, சினிமாவுக்குக் கூப்பிட்டா போயிடுது. படிச்ச தலைவலி." காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். வாடிக்கையாளர்கள் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா, நானும் சிரித்து வைத்தேன். அக்கா வாந்தி எடுத்தாள்; அதற்கும் ஒரு நகைச்சுவை வைத்திருந்தார். கடைசியில் குளியலறையில் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரியைப் பார்த்தாள். முன்னாலேயே கூட்டி வந்திருக்கக் கூடாதா என்று அங்கேயும் ஒரு டாக்டர் கேட்டார். அவள் போன அன்று அத்தான் என் தோளில் சாய்ந்து தேம்பினார். நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். வயிறு பற்றி எரிந்தது. இன்றைக்கும் அணையவில்லை.

கழுத்துதான் கையில் இருந்ததே என்று நீ நினைப்பாய். அதெல்லாம் கதைகளில் வருகிற சவரக்காரர்கள் செய்வது. அவர் அவளுக்கு என்ன செய்தாரோ அதையே அவருக்குச் செய்வதுதான் முறை என்று எனக்குப் பட்டது. கூடவே இருந்து, கண்டும் காணாமல் விட்டுவிடுவது.

அது ஒன்றும் சும்மா இருக்கிற வேலை இல்லை. கத்தி அந்த மேட்டில் உரசி ரத்தம் வந்தால் புண் ஆறாது. புண் ஆறாவிட்டால் டாக்டரிடம் போவார். ஆகவே அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் நுரை. கத்தி தொடுவதே தெரியாது. கழுத்து பச்சைப் பிள்ளையின் கன்னம் மாதிரி வழுவழுவென்று இருக்கும். "உன் கைல என்னமோ இருக்கு மச்சான், தூக்கம் சொக்குது" என்பார். நான் காய்ச்சலில் படுத்தபோது வேறு கடைக்குப் போகப் போவதாகச் சொன்னார். வேறொரு கை அங்கே படக் கூடாது. போர்வையைச் சுற்றிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்தேன். "இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைக்கும்" என்று நீதான் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாய்.

அக்கா போன பிறகு அவர் மாறித்தான் போயிருந்தார். நீ தும்மினால்கூட டாக்டரிடம் ஓடினார். தன் கழுத்தையும் ஒருநாள் தடவிப் பார்த்துவிட்டார்.

"இங்க என்னமோ தட்டுப்படுதே மச்சான். டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"முடி உள்ள வளைஞ்சிருக்கு அத்தான். அதைப் போய்க் கிளறாதீங்க. நான் பாத்துக்கறேன்."

"நீ சொன்னா சரி" என்று மறுபடி சாய்ந்துகொண்டார்.

அதுவரை நான் சொல்லாமல் மட்டும்தான் இருந்தேன். அன்றைக்குத்தான் செய்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை நான். பிறகு அவர் கேட்கும்போதெல்லாம் அதையே சொன்னேன். குரல் கம்மியபோது சளி என்றேன். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று நீ அடம்பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போயிருக்காவிட்டால் இன்னும் என் கையில்தான் இருந்திருப்பார். மனசு உறுத்தவில்லையா என்று கேட்காதே. சந்தோஷமாக இருந்தது. கட்டி பெரிதாகப் பெரிதாக எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஒருநாள் அவர் முகத்தையும் சேர்த்துத் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "வலிக்குதுன்னு உன்கிட்டயாவது அவ சொன்னாளா மச்சான்? ஒரு தடவையாவது?" என்று கேட்டார். துண்டுக்குள்ளிருந்து அழுகை கேட்டது.

"இல்ல அத்தான். சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா?" என்றேன். அதற்குப் பிறகு அவர் இன்னும் அழுதார்.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அக்கா வந்தாள். விழுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, தலையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் வந்து நின்றாள். "தம்பி, என்னை ஒரு நல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறியா?" என்றாள். கடையில் கூட்டம். "அத்தான்கிட்ட சொல்லுக்கா, கைவேலையா இருக்கேன்ல" என்றேன். இதை அவரிடம் சொல்லியிருந்தால் பழியில் பாதியை என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகிவிடுவார். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. அவர் புருஷன், நான் தம்பிதானே. அவர் கேலி செய்து சிரித்தார். நான் வேலையாக இருந்தேன். நாற்காலியில் யார் இருந்தார் என்றுகூட இப்போது நினைவில்லை, ஆனால் கழுத்தில் கத்தி இருக்கும்போது தலையைத் திருப்பக் கூடாது, அது தொழில். சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் தெருமுனை வரைக்கும் நடந்து போனதை நான் கண்ணாடியில்தான் பார்த்தேன்.