உறுமலுக்குக் காரணம்

பழுது பார்ப்பவன் முதலில் காதைத்தான் நம்ப வேண்டும், ஐயா. மீட்டரெல்லாம் பிறகு. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். ரேடியோ, டி.வி. பார்ப்பேன். தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வயரிங்கும் செய்வேன்.

ஓகஸ்ட் மாதம் விஜேந்திரன் வந்தான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்காரன், கலியாண வீடுகளில் கிட்டார் வாசிப்பவன். தோட்டத்துக் கிளப்பில் கழித்துப்போட்ட பழைய வால்வ் அம்ப் ஒன்றை, கிட்டார் சத்தத்தைக் கூட்டும் பெட்டியை, தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"திடீர் திடீர்னு உறுமுதுண்ணே. கொஞ்ச நேரத்துல தானா நின்னுருது."

வால்வுகளை மாற்றிப் பார்த்தேன். கப்பாசிட்டர்களை மாற்றினேன். கடையில் மூன்று நாள் ஓடவிட்டேன். ஒரு முனகல்கூட இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே மறுபடி உறுமியதாம். அப்படியென்றால் கோளாறு அம்பில் இல்லை. மீட்டரை எடுத்துக்கொண்டு அவன் லயத்துக்குப் போனேன்.

அரை மணி நேரம் அம்ப் வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு இராக்கம்மா எனக்குத் தேத்தண்ணி போடுவதற்காக மின்சாரக் கேத்தலின் சுவிட்சைப் போட்டார். அம்ப் உறுமியது. அவர் அணைத்ததும் நின்றது.

"இந்தக் கேத்தலத் தொட்டா எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு தம்பி," என்றார்.

"ஈரக் கையோட தொடாதீங்கம்மா," என்றேன். தேத்தண்ணியைக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தார், நன்றாக இருந்தது.

கேத்தலில் கசிவு. கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கத்தான் எர்த் கம்பி. அந்த லயத்தின் பத்து வீட்டுக்கும் ஒரே கம்பி, நான்கு வருடத்துக்கு முன்னால் நான் போட்டது. ஒன்றரை அடியிலேயே பாறை தட்டியது. வேறிடம் தோண்டச் சோம்பல்பட்டுக் கம்பியை அறுத்தேன். துண்டைப் புதைத்துவிட்டு, முழுக் கம்பி என்று கையெழுத்து வைத்தேன். மழைக்காலங்களில் ஈர மண் காப்பாற்றியது. இந்தமுறை மண் காய்ந்துகிடந்தது. இறங்க வழியில்லாத மின்சாரம் எர்த் வயர் வழியே வீடு வீடாகப் போய், அம்புக்குள் உறுமியது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் கம்பி போட்டது யார் என்ற கேள்வி வரும். நமுனுகுலப் பக்கம் மூன்று லயங்களுக்கு வயரிங் செய்ய என்னைத்தான் பேசி வைத்திருந்தார்கள். மழை வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அம்பின் பிளக்கைத் திறந்து, அதன் எர்த் வயரை மட்டும் வெட்டிவிட்டேன். உறுமல் போய்விட்டது.

"கெட்டிக்காரருண்ணே நீங்க," என்றான் விஜேந்திரன்.

ஒன்பதாம் நாள் இராக்கம்மா வீட்டைக் கழுவிவிட்டு, வெறுங்காலோடு கேத்தலைத் தொட்டார்.

எப்படி நடந்தது என்று பார்க்கத் தோட்டத்து ஆபீஸ் என்னையே கூப்பிட்டது. கேத்தலின் கசிவை அளந்து காட்டினேன். அது பொய்யில்லை. வாசலில் அவர் மகள் ஜெயலெட்சுமி நின்றிருந்தாள்.

"நாந்தாண்ணே கொழும்புலேருந்து வாங்கியாந்து குடுத்தேன்."

"மட்டமான சாமான்மா," என்றேன்.

அன்று மாலையே பாறைக்கு அப்பால் ஆறடிக் கம்பியை இறக்கினேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு மாதமாக அந்தப் பெண் அடுப்படிக்குள்ளேயே போவதில்லை என்று விஜேந்திரன் சொன்னான். அதனால்தான் பொலிசுக்கு வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: அந்த வீட்டில் ஒருவர் சாவார் என்று எனக்குத் தெரியும். எந்த நாள் என்பதுதான் தெரியாது.

ஜெயலெட்சுமியிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், ஐயா. நான் போய்ச் சொன்னால் அந்தப் பிள்ளை மனசு தாங்காது.