உதவி வந்துகொண்டிருக்கிறது

நான் தினமும் படியேறித்தான் ஆபீஸுக்கு வருவேன், மேடம். லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் லிஃப்டில் ஏறுவதில்லை என்பதைப் பெரிய விஷயமாக வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டாம். முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார், அவ்வளவுதான். அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா? காகிதம் பறக்கிறது. நன்றி. இனி நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி பராமரிக்கிற லிஃப்ட் ஒவ்வொன்றிலும் மணி படம் போட்ட மஞ்சள் பொத்தான் ஒன்று இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர் அதை அழுத்தினால் ஒரு செய்தி நெட்வொர்க் வழியாக எங்கள் ஆபீஸுக்கு வரும். முதலில் அது வந்து நிற்பது என் புரோகிராமிடம். நான் அதை வாங்கி சர்வீஸ் பிரிவின் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் 'வாங்கிக்கொண்டேன்' என்று பதில் சொன்னால் அதை லிஃப்டுக்குத் திருப்பி அனுப்புவேன். உடனே லிஃப்டுக்குள் ஒரு பெண் குரல் பேசும்: "உங்கள் அழைப்பு கிடைத்தது. உதவி வந்துகொண்டிருக்கிறது." பதில் வராவிட்டால் சைரன் அலறும். கட்டடமே கூடிவிடும்.

இந்த வேலைக்கு ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு ஃப்ரேம்வொர்க் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சிஸ்டங்களை ஒட்டவைப்பதற்கென்றே செய்து வைத்த பாகங்கள் அதில் உண்டு. நெட்வொர்க் லைனைக் கவனித்துக்கொள்ளவும் ஒரு பாகம். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரே ஒரு வரி கன்ஃபிகரேஷன் எழுதினால் போதும். எந்த முகவரி, அதில் போர்ட் என்கிற எந்த வாசல், பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமா, எவ்வளவு நேரம், செய்தி முடிந்துவிட்டது என்பதற்கு எது அடையாளம். வீடு வாடகைக்குக் கொடுப்பவர் இதைவிட அதிகமாகக் கேள்வி கேட்பார்.

சர்வீஸ் பிரிவுக்குத் தலைவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். தனி ஆள். எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார், சாப்பாடு எங்களோடு. நல்ல மனிதர், குரல்தான் கொஞ்சம் பெரிது. எங்கேயாவது லிஃப்ட் நின்றது என்று காதில் விழுந்தால் போதும், கையில் எடுத்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அவர் பிரிவில் இருந்த மெக்கானிக்குகளும் அப்படித்தான்.

கோளாறு அவர்களுடைய கம்ப்யூட்டரில் இருந்தது. அது கிழடு. ஒரு பதில் சொல்வதற்குள் அதற்கு மூச்சு வாங்கும். என் பாகம் காத்திருக்கும், நேரம் தீர்ந்துபோகும், லிஃப்டில் சைரன், என் திரையில் சிவப்பு விளக்கு, என் முதுகுக்குப் பின்னால் மேனேஜர். நான் மச்சானைக் கைகாட்டுவேன், மச்சான் என்னைக் கைகாட்டுவார். சாயங்காலம் அதே கச்சேரி எங்கள் சாப்பாட்டு மேசையில் தொடரும்.

"உன் லைன்தான் மாப்ளே கோளாறு."

"என் லைன் சுத்தம் மச்சான். உங்க மெஷின்தான் வாயைத் திறக்க மாட்டேங்குது."

நடுவில் உட்கார்ந்து என் மனைவி இரண்டு பக்கமும் பரிமாறிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டாள். "இன்னொரு தடவை இந்தப் பேச்சு வந்துச்சுன்னா, நான் எங்கண்ணனைக் கூட்டிக்கிட்டு வேற வீடு பார்த்துப் போயிடுவேன். அப்புறம் உங்க லைனோட நீங்களே குடித்தனம் பண்ணுங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை அவள். அவள் இல்லாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடாது, மேடம். அதை இங்கே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் கன்ஃபிகரேஷனைத் திறந்தேன். சர்வீஸ் பக்கம் போகிற வரியில், பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமா என்ற இடத்தில் 'ஆம்' என்று இருந்ததை 'இல்லை' என்று மாற்றினேன். லிஃப்ட் பக்கம், செய்தி வந்த நொடியே 'வாங்கிக்கொண்டேன்' என்று நானே பதில் சொல்லிவிடும்படி அமைத்தேன். அவ்வளவுதான். சிவப்பு விளக்கு காணாமல் போனது. மேனேஜர் தோளில் தட்டினார். அன்று சாப்பாட்டு மேசையில் மச்சான் எனக்குப் பரிமாறினார்.

"சைரன் சத்தமே இல்லையே, என்ன மாயம் பண்ணினே மாப்ளே?"

"சின்ன மாத்தம் மச்சான்" என்றேன்.

அதுவரைக்கும் என் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதைக் கவனியுங்கள். பதில் முன்கூட்டியே போனது, ஆனால் செய்தியும் பின்னாலேயே மச்சானுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. மெக்கானிக்குகள் போனார்கள், ஆட்களை வெளியே எடுத்தார்கள்.

பிறகு அவர்களுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. மச்சான் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "மாப்ளே, புது மெஷினுக்குச் செய்தி முடியற இடத்துல வேற குறி வேணுமாம். உன் பக்கம் மாத்திடு." "ஆச்சு மச்சான்" என்றேன். எனக்கு அது பழக்கம். யார் எதைச் சொன்னாலும் வாய் முந்திக்கொண்டு 'ஆச்சு' என்றுவிடும், கைதான் பின்னால் வர வேண்டும். அந்த முறை கை வரவில்லை.

அதனால் என்ன ஆனது என்றால், செய்திகளெல்லாம் புது மெஷினுக்குப் போயின. ஆனால் அது எதிர்பார்த்த முடிவுக் குறி வரவில்லை. ஆகவே செய்தி இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று மரியாதையாகக் காத்துக்கொண்டே இருந்தது. வரவர எல்லாவற்றையும் ஒரே நீளச் செய்தியாக நினைத்துச் சேர்த்து வைத்தது. மச்சானின் திரையில் ஒன்றும் தெரியவில்லை. பழைய அமைப்பாக இருந்தால் பதில் வரவில்லை என்று எனக்கு உடனே தெரிந்திருக்கும். இப்போதுதான் நான் பதில் கேட்பதில்லையே.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்கிறீர்கள். சீக்கிரமே தெரிந்துவிட்டது, அதை மறைக்க விரும்பவில்லை. என் திரையில் அழைப்பு மேல் அழைப்பாக வந்துகொண்டிருந்தது. கீழே போய்ப் பார்த்தால் மெக்கானிக்குகள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செஸ் ஆடக் கற்றுக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஒரு குறியை மாற்றினால் சரியாகியிருக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். குறியை மாற்றிய நொடியில், அதுவரை சேர்ந்த அத்தனை அழைப்பும் மச்சான் தலையில் மொத்தமாக வந்து விழும். அவர் என்னைக் கேட்பார். சாப்பாட்டு மேசை மறுபடி போர்க்களமாகும். என் மனைவி பெட்டியைக் கட்டுவாள். வீடே அப்போதுதான் மூச்சுவிட ஆரம்பித்திருந்தது. சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

யாரும் சாகவில்லை. இதைத் தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். பெரும்பாலான லிஃப்டுகள் கொஞ்ச நேரத்தில் தானாகவே நகர்ந்துவிடும். மற்றதை அந்தந்தக் கட்டடத்து வாட்ச்மேன்கள் கம்பியை விட்டுத் திறந்துவிடுவார்கள். நன்மையும் இருந்தது. பேச்சுவார்த்தையே இல்லாத ஒரு கணவனும் மனைவியும் ஒன்றாக மாட்டிக்கொண்டார்கள். வெளியே வரும்போது இரண்டு பேரும் ஒரே குரலில் எங்கள் கம்பெனியைத் திட்டிக்கொண்டு வந்தார்களாம். ஒரு பல் டாக்டர் மத்தியானம் முழுக்க உள்ளே இருந்தார். வெளியே காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பல்வலி தானாக நின்றுபோனது.

சிலர் பொத்தானை விடாமல் அழுத்துவார்கள். அதுவும் என் திரையில் தெரியும். முதலில் நிதானமாக, பிறகு வேகவேகமாக, பிறகு விட்டுவிட்டு. ஒவ்வொரு முறையும் அவர்களுக்குப் பதில் போயிருக்கிறது. ஒருவரைக்கூட நான் அலட்சியப்படுத்தியதில்லை.

புகார் வரவில்லையா என்கிறீர்கள். வந்தது. புகார்கள் வரும் லைனும் அதே பாகத்தில்தான் ஓடுகிறது. அதையும் அதே மாதிரி அமைத்துவிட்டேன். எழுதிய எல்லாருக்கும் உடனுக்குடன் நன்றி போய்ச் சேர்ந்தது.

அந்த வருஷம் மச்சானின் பிரிவுக்குக் கோப்பை கொடுத்தார்கள். ஒரு அழைப்புகூட வராத அளவுக்கு லிஃப்டுகளைப் பராமரித்ததற்காக. அவர் அதைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார். என் மனைவி அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். கொஞ்ச நாள் கழித்து மேலிடத்தில் யாரோ ஒரு கேள்வி கேட்டார்கள். பழுதே ஆகாத லிஃப்டுக்கு எதற்கு இத்தனை மெக்கானிக்? பிரிவையே மூடினார்கள்.

அன்று மச்சான் சாப்பிடவில்லை. "நான் நல்லா வேலை பார்த்ததே எனக்கு எமனா வந்துருச்சு மாப்ளே" என்றார். பெரிய குரல் கம்மிப்போய் இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். ஆனால் பாவம், அந்த மனிதரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு பெருமைதான். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்கும் வந்திருக்காது.

இனி அந்தக் கடைசி நாள். மெக்கானிக்குகள் முந்தின நாளே போய்விட்டார்கள். மச்சான் மட்டும் வந்து, அறையைக் காலி செய்து, கம்ப்யூட்டரை அணைத்து, கோப்பையும் சாமான்களும் இருந்த அட்டைப்பெட்டியோடு எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஏறினார். அது இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. என் திரையில் எங்கள் கட்டடத்தின் எண்ணைப் பார்த்ததும் எழுந்து போனேன். வாட்ச்மேனிடம் லிஃப்ட் சாவியை வாங்கிக்கொண்டு, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் டீ குடியுங்கள் என்று அனுப்பிவைத்தேன். திறப்பதற்காகத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

"மச்சான்?"

"மாப்ளேயா? பதறாதே. பெல் அடிச்சிட்டேன். உதவி வருதுன்னு சொல்லிருச்சு."

உள்ளே அட்டைப்பெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கூப்பிட்டார்.

"மாப்ளே."

"சொல்லுங்க மச்சான்."

"பசங்க நேத்தே போயிட்டாங்க. மெஷினை இப்பதான் என் கையால அணைச்சிட்டு வர்றேன். அப்ப எனக்குப் பதில் சொன்னது யாருடா?"

இத்தனை வருஷத்தில் அவர் என்னை 'டா' போட்டதில்லை. கதவைத் திறந்தால் அந்தக் கோபத்தோடு வெளியே வருவார். ஏற்கெனவே அவருக்கு ரத்த அழுத்தம். நேராக மேனேஜரிடம் போவார், பிறகு வீட்டுக்கு. கொஞ்சம் ஆறட்டும் என்று நினைத்தேன். "இதோ வந்துட்டாங்க மச்சான்" என்று சொல்லி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு என் இடத்துக்குத் திரும்பினேன். வாட்ச்மேனிடம் ஆச்சு என்றேன். அந்த லிஃப்டுக்குள் செல்போன் எடுக்காது. மச்சான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார். பதிலும் போய்க்கொண்டே இருந்தது.

வேலை முடிந்து படியிறங்கி வீட்டுக்குப் போனேன். "அண்ணன் எங்கே?" என்றாள். "கிளம்பிட்டாராம், வந்துட்டிருக்கார்" என்றேன். அவர் தட்டை மூடி வைத்துவிட்டு எனக்குப் பரிமாறினாள். நான் சாப்பிட்டேன். யாரும் சத்தம் போடவில்லை. மறுநாள் காலையில் ஆபீஸைப் பெருக்க வந்த அம்மா தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட, அவர்கள் கதவை அறுத்து அவரை வெளியே எடுத்தார்கள். அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாராம்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன். விடியும்வரைக்கும் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. இப்போது என் மனைவியும் அவரும் வேறு வீட்டில் இருக்கிறார்கள். கொஞ்ச நாளில் வந்துவிடுவார்கள். எல்லாம் அவர்கள் நிம்மதிக்காகச் செய்ததுதானே, யோசித்தால் அவர்களுக்கே புரியும்.

இந்த வாக்குமூலத்தின் நகலை மச்சானிடம் கொடுத்து, கிடைத்தது என்று கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறீர்கள். எதற்கு மேடம் அந்த மனிதரை மறுபடி தொந்தரவு செய்வது? அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். கிடைத்தது என்று அவருக்குப் பதிலாக நானே போட்டுத் தருகிறேன்.