ஒன்பதாம் அத்தியாயத்துக் குகை

– அந்தப் பென்சிலைக் கீழ வைங்க தம்பி. எங்க அண்ணன் எழுதின புத்தகத்துல போய் 'பொய்'னு எழுதுவீங்களா?

– 'பொய்'னு எழுதலை அக்கா. 'ஆதாரத்தோட ஒத்துப்போகலை'ன்னுதான் எழுதியிருக்கேன்.

– ரெண்டும் ஒண்ணுதான். கிட்ட வந்து உக்காருங்க. கீழ அச்சு மெஷின் போடுற சத்தத்துல என் குரல் எடுபடாது. சின்ன வயசுலயே கெட்டுப்போன தொண்டை.

– நான் வேணும்னு குறை தேடலை அக்கா. பெரியவரோட சுயசரிதையைப் புதுசா அச்சடிக்கணும், ஒவ்வொரு வரியையும் சரிபாருன்னு நம்ம தியான மன்றத்துல சொன்னாங்க. புரூஃப் பாக்குறவன்னு என் தலையில கட்டிட்டாங்க. ரெண்டு வருஷமாப் பாத்துட்டேன். அசந்துபோயிட்டேன் அக்கா! ஆத்துல வெள்ளம் வந்த தேதி சரி. பரீட்சையில கோட்டை விட்ட மார்க் சரி. சிநேகிதனோட சைக்கிளைத் திருடினது கூடச் சரி. அந்தச் சிநேகிதரையே போய்ப் பாத்தேன், இன்னும் கோவமா இருக்கார்.

– அந்த சைக்கிள்ல பின்னாடி உக்காந்திருந்தது நான். அதை எழுதலை பாத்தீங்களா? என்னைக் காட்டிக் கொடுக்க மாட்டான் அவன்.

– பெரியவரை அவன் இவன்னு சொல்லாதீங்க.

– உங்களுக்குத்தான் பெரியவர். எனக்கு மூணு வயசு மூத்தவன், அவ்வளவுதான்.

– தன்னைப் பத்தி எதையும் மறைக்காத மனுஷன் அக்கா. இந்த ஒன்பதாவது அத்தியாயத்துல மட்டும் ஏன்? பதினோரு மாசம் மலைக்குகையில இருந்தேன், வாயே திறக்காத குருகிட்ட ஏழு மூச்சுப் பயிற்சியும் கத்துக்கிட்டேன்னு எழுதறார். அந்தப் பதினோரு மாசமும் அவர் கடிகாரக் கடையில வேலை பாத்திருக்கார். வருகைப் பதிவேடு என்கிட்ட இருக்கு. தினமும் காலையில ஒன்பது மணிக்குக் கையெழுத்து.

– அவன் கையெழுத்துதானா?

– அவர் எழுத்தைப் படிச்சுப் படிச்சே கண்ணு போனவன் நான். என்கிட்டயா கேக்குறீங்க?

– சரி, கோச்சுக்காதீங்க. குகை இல்லைன்னு போட்டுட்டுப் போங்க. என்ன குடிமுழுகிப் போகுது?

– எனக்கு முழுகிப் போகுது. என் பொண்டாட்டி போனப்ப நான் கிடந்த கிடை உங்களுக்குத் தெரியும். அந்த ஏழு மூச்சுதான் என்னை எழுப்பி உக்கார வச்சது. இப்ப குகையும் இல்லை, குருவும் இல்லைன்னா என்னைத் தாங்கிப் பிடிச்சது எது? கட்டுக்கதையா? சாயங்காலம் இது மெஷினுக்குப் போகணும். அடிக்குறிப்பு போட்டா எத்தனை பேர் மனசு உடையும்! போடலைன்னா, என்னால இனிமே கண்ணை மூடி உக்காரவே முடியாது.

– குகையை யாராவது பாத்திருக்காங்களா?

– வருஷா வருஷம் நாப்பது பேர் மலையேறித் தேடுறாங்க. போன தடவை நம்ம பல் டாக்டர் ஒரு பொந்துல மாட்டிக்கிட்டார். கயிறு கட்டி இழுத்தாங்க.

– அடப் பாவமே. குகை எப்படி இருக்கும்னு போட்டிருக்கு? வாசிங்க.

– 'மேற்கே ஒரே ஒரு திறப்பு. மாலையில் கையகல வெயில் விழும். சுவரில் எப்போதும் ஈரம்.'

– அந்தப் பக்கம் குளியலறை. ஈரம் இருக்காதா?

– என்ன சொல்றீங்க?

– எங்க வீட்டுக் கடைசி ரூம் தம்பி அது. கடையிலருந்து வந்ததும் செருப்பைக் கழட்டிட்டு நேரா அங்கதான் போவான்.

– குரு வீட்டுலயா இருந்தார்?

– ஒரு நோயாளி இருந்தது. நுரையீரல் கெட்டுப்போய், தொண்டையில ஓட்டை போட்டு, பேச்சும் போயிடுச்சு. ஒவ்வொரு மூச்சையும் நினைச்சு நினைச்சு இழுக்கணும். பயந்துடக் கூடாதேன்னு அண்ணனும் கூடவே அதே மாதிரி இழுப்பான். அப்படி வந்ததுதான் ஏழும்.

– அப்போ மூச்சு நிஜம்!

– நிஜம்தான். நோய் வெளிய தெரிஞ்சா அந்த உசுருக்குக் கல்யாணம் காட்சி எதுவும் நடக்காதுன்னு பயம். சொல்ல மாட்டேன்னு எங்க அம்மாகிட்ட சத்தியம் பண்ணிக் கொடுத்தான். அதான் ரூமைக் குகையாக்கிட்டான். இப்ப அடிக்குறிப்பு போடுங்க. அந்த நோயாளிக்குச் சம்மதம்.

– இன்னும் உயிரோட இருக்காங்களா?

– கல்லு மாதிரி இருக்கு.

– அக்கா, ஒண்ணே ஒண்ணு. 'குரு உலோகத்தில் இருமுறை தட்டுவார், நான் எழுந்துகொள்வேன்'னு எழுதியிருக்கார். அதை வச்சுத்தான் நாமளும் தியானம் முடிஞ்சதும் ரெண்டு தட்டு தட்டி எழுந்திருக்குறோம். விழித்தெழுன்னு அர்த்தம் சொல்லி நானே எண்பது பக்கம் விளக்கம் எழுதியிருக்கேன். அதாச்சும் நடந்ததா?

– நடந்தது. கரண்டியால டம்ளர்ல ரெண்டு தட்டு. ஒரு சொல் கூடக் கூட்டி எழுதலை அவன்.

– அதுக்கு என்ன அர்த்தம்னு பெரியவர் உங்ககிட்ட சொன்னாரா?

– அவன் என்ன சொல்றது? தட்டினவளுக்குத் தெரியாதா? எனக்குத் தண்ணி வேணும்னு அர்த்தம்.