குரல் கொடுக்காத மின்னலுக்குக் கை கொடுக்க மாட்டோம்

1. இப்போது பேசுகிறவன் இந்தத் திரைப்பட ஒளியமைப்புத் தொழிலாளர் சங்கத்தின் வழக்கறிஞன்.
2. நான் ஏணி ஏறியவனல்லன், விளக்கைத் தொட்டவனுமல்லன்.
3. களத்தில் நின்றோரைத் தனித்தனியே விசாரித்து, அனைவர் சொல்லும் ஒத்துவந்த பகுதியை மட்டுமே இங்கே சொல்கிறேன்.

அவைக்குத் தலைமையேற்று அனலையும் அமைதியாக்கும் தலைவர் அவர்களே! சுடும் விளக்கின் முன் சுருங்காத நெஞ்சோடு நின்ற மூத்தோர்களே! வீட்டைப் பூட்டிவிட்டு விடை கேட்க வந்திருக்கும் தாய்மார்களே!

(ஓர் அம்மையார்: "கேக்காம போகவும் மாட்டோம்!")

போக வேண்டாம் அம்மா. உங்கள் முன்னிலையிலேயே பேசுகிறேன்.

மின்னல் என்பது என்ன? வானம் வழங்கினால் அது வியப்பு; நீங்கள் வழங்கினால் அது வேலை! பெருவிளக்கை எரியவிட்டு, அதன் முகத்தை இரும்புத் தகடுகளால் மூடி, கைப்பிடியைச் சுண்டித் திறந்து மூடுகிறீர்கள். ஒரு வெட்டு, ஒரு சிறு மூச்சு, பிறகு அடுத்தடுத்து இரண்டு குறுவெட்டு. சீராக வெட்டினால் அது கடை விளம்பர விளக்கு; சீர் தப்பினால்தான் மின்னல்!

அந்த ஒளி, எதிரே ஏணி உயரத்தில் நிற்பவரின் கண்ணை என்ன செய்கிறது? மறைந்த பின்னும் பச்சைத் திட்டாய் மிதக்கிறது. அப்போது அவருக்குப் படியும் தெரியாது, பிடியும் தெரியாது. ஆகவேதான் உங்களுக்குள் ஒரு விதி வைத்தீர்கள். வெட்டுவதற்கு முன், கைப்பிடியைப் பிடித்திருக்கும் மின்னல்காரர் "கண்ணு!" என்று கூவுவார். மேலே நிற்பவர் கண்ணை மூடி, கம்பியைப் பற்றி, "பிடிச்சாச்சு!" என்பார். மறுமொழி வராமல் கைப்பிடி அசையாது. எழுதப்படாத விதி என்கிறார்கள். எழுதப்படாததால் அது இல்லாததாகிவிடுமா?

சென்ற வாரம் ஒரு மழைக் காட்சி. ஏணியின் உச்சியில், மழை பொழியும் குழாயோடு மழைக்காரர். கீழே சன்னலோரத்தில் நாயகி. இயக்குநர் சலித்துக்கொண்டார்: "மின்னல் என்ன சொல்லிட்டா வருது? நீ கூவினதுமே அந்தப் பொண்ணு முகம் முன்கூட்டியே பயப்படுது. கூவாம அடி."

மின்னல்காரர் பணிந்தார். ஒரே ஒருமுறை பணிந்தார். அந்த ஒருமுறையிலேயே மழைக்காரரின் கால் படியைத் தவறியது, ஒற்றைக் கையில் தொங்கினார், மணிக்கட்டு பிசகியது. இதோ, முதல் வரிசையில் கட்டோடு அமர்ந்திருக்கிறார்.

அவரை இறக்கிவிட்டு, வேறொருவரை ஏற்றிவிட்டு, "இன்னொரு டேக் போலாம்" என்றார்கள். மின்னல்காரர் கைப்பிடியையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வானத்து மின்னலுக்கு எதிர்ல யாரும் ஏணி போட்டு நிக்கிறதில்ல சார். இங்க நிக்கிறான்" என்றார். அடுத்து அவர் உதிர்த்த ஒரு சொல் கண்டிக்கத்தக்கது; கண்டிக்கிறேன்.

(ஒரு குரல்: "என்ன சொல்லுன்னு சொல்லுங்க வக்கீல் சார்!")

இயலாது ஐயா. தாய்மார்கள் இருக்கிறார்கள்.

(ஓர் அம்மையார்: "நாங்க தினமும் அதைவிடப் பெருசா சொல்றோம்!")

இதை நான் கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

நாயகி சொன்னதையும் பதிவு செய்ய வேண்டும். "சார், அவர் சொல்லிட்டு அடிச்சாலும் நான் பயப்படுவேன். அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டிருக்கீங்க?" இதைவிடச் சுருக்கமான வாதத்தை எந்த நீதிமன்றத்திலும் நான் கேட்டதில்லை!

இயக்குநர் கொடியவரல்லர். ஒரு முகத்தில் உண்மையான திடுக்கிடலைத் தேடினார். தேடட்டும்! ஆனால் திரையில் ஒரு முகம் திடுக்கிடுவதற்காக, ஒரு வீடே திடுக்கிட வேண்டுமா?

மின்னல்காரரை வெளியேற்றிவிட்டார்கள். நாளை அதே காட்சி, அதே ஏணி. கைப்பிடிக்கு அழைக்கப்பட்டவர் இந்த அவையில்தான் இருக்கிறார். மின்னல்காரருடைய மனைவியின் தம்பி. வருவதாக ஒப்புக்கொண்டும் இருக்கிறார். அவரை நான் குற்றம் சாட்டவில்லை. வேலை வந்தால் போவது குற்றமன்று.

ஆகவே, போகாதீர்கள் என்று உங்களில் ஒருவரையும் நான் கேட்கப் போவதில்லை. போங்கள்! போய்க் கூவுங்கள்! கூவியதற்காக அனுப்பினால் அடுத்தவர் போகட்டும், அவரும் கூவட்டும்! அவரையும் அனுப்பினால் அதற்கடுத்தவர்! கைகளை மாற்றலாம், குரலை மாற்ற முடியுமா? விளக்கு அவர்களுடையது, வெளிச்சம் அவர்களுடையது, மேலே நிற்கும் உயிர் யாருடையது?

(அவையில் ஒருவர் எழுகிறார். மின்னல்காரரின் மைத்துனர்.)

சொல்லுங்கள் ஐயா.

("நான் போறேன். ஆனா மாமா இல்லாம போகல. அவரு கூவட்டும், நான் இழுக்கிறேன். உள்ள விடலைன்னா ரெண்டு பேரும் திரும்பிடுறோம்.")

(மின்னல்காரர்: "டேய், உனக்கு ரெட்டை வெட்டே ஒழுங்கா வராதுடா!")

("கத்துக் குடு மாமா. உன் வாயாவது மூடாம இருக்கும்ல!")

(மின்னல்காரரின் மனைவி: "ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க. திரும்பி வந்தா சோறு நான் போடுறேன்!")

தலைவர் அவர்களே, என் வாதம் முடிந்தது. தீர்ப்பு தாய்மார்கள் பக்கத்திலிருந்து வந்துவிட்டது. தீர்மானம் இதுதான்: "கண்ணு" என்ற குரலும், "பிடிச்சாச்சு" என்ற மறுமொழியும் இன்றி, இச்சங்கத்தின் எந்தக் கையும் மின்னலை வெட்டாது. ஏற்போர் கை உயர்த்துங்கள்.

உயராத கை ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. காலையில் இருவரோடும் படப்பிடிப்புத் தளத்தின் வாசல்வரை நானும் வருகிறேன். செவி கொடுத்த சான்றோர்க்கும், இடைமறித்த தாய்மார்க்கும் என் நன்றியும் வணக்கமும் உரியன.

(ஒப்பம்)
சங்க வழக்கறிஞர்

சாட்சிகள்:
1. மழைக்காரர் (இடது கையால் ஒப்பமிட்டது)
2. மின்னல்காரரின் மைத்துனர்